சிசிஐ ஃபைலிங்: நாள்கள் எங்கே தொலைகின்றன

ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும் டீலுக்கு சிசிஐ (இந்தியப் போட்டி ஆணையம்) ஒப்புதல் தாமதமானால் பழி ஆணையத்தின் மேல் விழும். நாங்கள் தயாரிக்கும் மனுக்களில் நாள்கள் தொலைவது பெரும்பாலும் மனு போவதற்கு முன்னால்தான்.

மனு தேவையா என்று பார்ப்பது சுலபம். வாங்கப்படும் நிறுவனத்தின் இந்தியச் சொத்து 450 கோடி ரூபாயைத் தாண்டவில்லை, அல்லது இந்திய விற்றுமுதல் 1,250 கோடியைத் தாண்டவில்லை என்றால் விலக்கு உண்டு. ஆனால் 2024 செப்டம்பர் 10 முதல், டீல் மதிப்பு 2,000 கோடிக்கு மேல் போய், அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான வணிகமும் இருந்தால் அந்த விலக்கு செல்லாது. பலரும் சறுக்குவது மதிப்பைக் கூட்டும்போது. பின்னால் தர வேண்டிய தொகை, போட்டித் தொழிலில் இறங்காமலிருக்கத் தரும் தொகை, ஆப்ஷனை (பின்னால் பங்கு வாங்கும் உரிமையை) முழுவதும் பயன்படுத்தினால் வரும் தொகை எல்லாம் சேரும். காகிதத்தில் 1,900 கோடியாக நிற்கும் டீல் இப்படித்தான் எல்லை தாண்டிவிடும்.

உண்மையான வேலை ஓவர்லேப் அட்டவணை, அதாவது வாங்குபவரும் வாங்கப்படும் நிறுவனமும் எந்தத் தொழில்களில் மோதுகின்றன அல்லது தொடர்புபடுகின்றன என்ற பட்டியல். வாங்குபவரின் குழும நிறுவனங்களோடு அஃபிலியேட்டுகளும் அதில் வர வேண்டும். 10 சதவீதப் பங்கு, போர்டு சீட், அப்சர்வர் சீட் (ஓட்டில்லாமல் போர்டு கூட்டத்தில் உட்காரும் உரிமை), வணிக ரகசியங்களைப் பார்க்கும் உரிமை, இவற்றில் ஒன்று இருந்தாலே அஃபிலியேட்தான். ஒரு முதலீட்டு நிதி பெயிண்ட் கம்பெனியை வாங்குகிறது என்று வையுங்கள். ரெசின் தயாரிக்கும் இன்னொரு கம்பெனியில் அந்த நிதிக்கு 6 சதவீதம்தான், ஆனால் போர்டில் ஒரு அப்சர்வர். பங்குப் பட்டியலில் இது கண்ணில் படாது. பங்குதாரர் ஒப்பந்தத்தைப் புரட்டினால்தான் அகப்படும். ரெசின் பெயிண்டுக்கு மூலப்பொருள். இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் இடையே ஒரு கிலோகூடக் கைமாறாவிட்டாலும் அது செங்குத்து ஓவர்லேப்.

அதைக் கவனிக்காமல், ஓவர்லேப் இல்லாத டீல்களுக்கான கிரீன் சேனலில் போனால் ஆபத்து. 2019 ஆகஸ்டில் வந்த இந்த வழியில் மனுவை ஏற்றுக்கொண்டதுமே ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்படும். பிறகு ஓவர்லேப் தெரியவந்தால் ஒப்புதல் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. ஒப்புதல் இல்லாமல் டீலை முடித்ததற்குப் போட்டிச் சட்டத்தின் 43ஏ பிரிவின் கீழ் அபராதம் விற்றுமுதல், சொத்து, டீல் மதிப்பு இவற்றில் எது அதிகமோ அதில் 1 சதவீதம் வரை போகலாம். தவறான தகவலுக்குத் தனியாக 5 கோடி வரை. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் சாதாரண ஃபார்ம் 1 (சுருக்கமான மனு) போடுங்கள் என்றுதான் சொல்வோம். கட்டணம் 30 லட்சம்; பணம் போனாலும் தூக்கம் வரும். ஒரே தொழிலில் கூட்டுச் சந்தைப் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினாலோ, செங்குத்துத் தொடர்பில் 25-ஐத் தாண்டினாலோ ஃபார்ம் 2 (விரிவான மனு). அதற்கு 90 லட்சம்.

அடுத்த கண்ணி போர்டு பேப்பர்கள். டீலைப் பற்றி போர்டு பார்த்த பிரசன்டேஷன்கள் மனுவோடு போகும். மனுவில் சந்தைப் பங்கு 9 சதவீதம், பிரசன்டேஷனில் “இந்தப் பிரிவில் நாமே முதலிடம்” என்றிருந்தால் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். எந்தச் சந்தை, எந்த ஆண்டுத் தரவு என்று மனுவிலேயே விளக்கிவிட வேண்டும்.

டீல் போட்டியைக் கெடுக்குமா என்ற முதல்நிலைக் கருத்துக்கு ஆணையத்துக்கு 30 நாள். மொத்த வரம்பு 150 நாள். குறையுள்ள மனுவுக்கு, குறைகளைச் சரிசெய்த பிறகுதான் கணக்கு ஓடும். சிக்கலான டீல் என்றால் முன்கூட்டியே ஆணைய அதிகாரிகளிடம் ஆலோசனை கேளுங்கள். அவர்கள் சொல்வது ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எந்தத் தகவல் விடுபட்டது என்று தெரிந்துவிடும்.

ஒப்புதல் வரும்வரை இரண்டும் தனித்தனிக் கம்பெனிகள்தான்; அதனால் காத்திருக்கும் நாள்களில் இரண்டு கம்பெனிகளின் விற்பனைக் குழுக்கள் விலைப்பட்டியலைப் பகிரவே கூடாது. இணைப்புத் திட்டத்துக்குத் தரவு வேண்டுமென்றால், அன்றாட விற்பனையில் இல்லாத சிலரைக் கொண்ட தனிக் குழு மட்டும் பார்க்கட்டும். வழக்கமான கொள்முதலுக்கும் ஆள் எடுப்பதற்கும்கூட வாங்குபவரின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், கையெழுத்துக்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். மனு போன பிறகு பங்கு அளவோ உரிமைகளோ மாறினால் உடனே ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்றம் பெரிதென்றால் புதிய மனுவே போட வேண்டி வரும்.