சரளை, சவுடு, பள்ளம்: ஒரே கொல்லைக்கு மூன்று புல் கலவை

வேலூர் மாவட்டத்தில், கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகும் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. ஒரு ஏக்கருக்கும் குறைவு. மேல் பாதி மலையடிவாரச் சரிவு. செம்மண்ணும் சரளையும் கலந்தது, ஒரு சாண் தோண்டினால் கடப்பாரை பாறையில் இடிக்கும். நடுவில் சவுடு பாய்ந்த, அதாவது உப்போ காரமோ ஏறிக் கெட்ட ஒரு திட்டு. கீழே ஓடையை ஒட்டி, மழைக்காலத்தில் தண்ணீர் நின்றுவிடும் பள்ளம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மழையில் மேல் சரிவின் மண் வாரிக்கொண்டு போய், நிலம் வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்தது. இந்த நிலத்தைப் புல்லால் மூடியே தீர வேண்டும் என்று அதன் பிறகுதான் இறங்கினேன். வீட்டில் வெள்ளாடுகள் இருப்பதால் அவற்றுக்கும் ஆகிற புல்லாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்கிற வேலை, மெதுவாகத்தான் நகர்கிறது. இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

கடையில் புல் விதை கேட்டால், எத்தனை ஏக்கர் என்று கேட்டு ஒரே விதையை நிறுத்துக் கொடுப்பார்கள். ஒரே சீரான மண்ணுக்கு அது சரி. எங்கள் கொல்லை மாதிரி இடத்துக்கு அப்படி வாங்கவே கூடாது என்பது என் முடிவு. நிலத்தைத் திட்டுத் திட்டாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யாரும் விதைக்காமல் இப்போது என்ன நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கம் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். விதை வாங்கப் போகிறேன் என்றதும், "எதுக்கு தம்பி அவசரம்? வரப்புல என்னா நிக்குதுன்னு பாத்துட்டுப் போ" என்றார்.

சரி தாத்தா என்று அவரோடே ஒரு சுற்று நடந்தேன். மேல் வரப்பில் கொழுக்கட்டைப் புல் தானாக நின்றது. பாறை இடுக்கெல்லாம் ஊசிப்புல். அது இளசாக இருக்கும்போது ஆடு கடிக்கும், கதிர் விட்டதும் ஊசி வாயில் குத்தும் என்று தாத்தா சொன்னார். அதனால் அது கலவையில் வேண்டாம் என்று அங்கேயே முடிவாயிற்று. சவுட்டுத் திட்டின் நடுவில் ஒன்றுமில்லை, ஓரங்களில் மட்டும் அருகம்புல் கொடி ஓடியிருந்தது. பள்ளம் முழுக்கக் கோரை. என்ன விதைக்கலாம் என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே கிடைத்துவிட்டது.

மீதிப் பாதிக்கு மண்ணைச் சோதிக்க வேண்டும். சவுடு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உவர் மண்ணில் கரையும் உப்பு அதிகம், வெயிலில் மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் உப்பு இறங்கும். களர் மண்ணில் மண் துகள்களோடு சோடியம் ஒட்டியிருக்கும். ஈரத்தில் கொழகொழவென்று ஆகி, காய்ந்தால் ஏடு கட்டி இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது. வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் பிடித்த மழைத்தண்ணீரில் மெதுவாகப் போட்டு, கலக்காமல் விட்டுவிடுங்கள். மறுநாளும் தண்ணீர் தெளியாமல் கலங்கியே நின்றால் களர் என்று சந்தேகப்படலாம். எங்கள் மண் அப்படித்தான் நின்றது. அப்புறம் மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 9.1, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் 0.8 என்று வந்தது. பிஎச் 8.5-க்கு மேல் போனால் களர். கடத்துதிறன் 4-ஐத் தாண்டினால் உவர். ஆக எங்களுடையது களர்தான், உப்பு இல்லை.

இனி விதை. சரிவுக்கு நான் எடுத்தது நீலக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும். கொழுக்கட்டைப் புல் வறட்சியைத் தாங்கும், வேர் ஆழமாகப் போய்ச் சரளையைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 இந்த நீலக் கொழுக்கட்டையில் ஒரு ரகம். முயல் மசால் பயறு வகை. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்ப்பதால், எரு போட வசதியில்லாத மேட்டுக்கு அது இல்லாமல் முடியாது. தீவனத்தில் புரதமும் அதனால் கூடும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு மசால் என்று வைத்தேன். கொழுக்கட்டை விதை எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்பார்கள். சென்ட்டுக்கு ஏறக்குறைய 30 கிராம். சரளையில் முளைப்பது குறையும் என்று நான் அதில் பாதி கூட்டிக்கொண்டேன்.

கொழுக்கட்டை விதையில் கவனிக்க வேண்டியது அதன் வயது. அறுத்த விதை ஆறு முதல் எட்டு மாதம் உறக்கத்தில் இருக்கும். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் கேட்கிற பழக்கத்தில் புது விதையாகக் கொடுங்கள் என்று இதைக் கேட்கக் கூடாது, போன வருஷத்து விதைதான் வேண்டும். புதுசுதான் கிடைத்தது என்றால் 1 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் 48 மணி நேரம் ஊற வைத்து விதைக்கலாம். இன்னொன்று, வாங்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள். மேலே இருப்பது வெறும் உமியும் முடியும். உள்ளே மணி இருக்கிறதா என்பதுதான் கணக்கு. பதர் நிறைய இருக்கும் விதைக்குக் கிலோ விலை குறைவாகத் தெரிந்தாலும் முளைக்கிற விதைக்கு அது அதிக விலைதான்.

முயல் மசால் விதையின் தோல் கெட்டி. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்து 80 டிகிரி அளவுக்கு வந்ததும் விதையைப் போட்டு ஐந்து நிமிடத்தில் வடித்துவிட்டு, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தேன். ஊற வைக்காத விதை கொஞ்சத்தை ஒரு மூலையில் தனியாகத் தூவியும் பார்த்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

கலவை என்றால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கலப்பதில்லை. கொழுக்கட்டை விதை பஞ்சு மாதிரி லேசானது, காற்றில் பறக்கும். மசால் விதை சின்னது, கனமாகக் கூடையின் அடியில் போய்ச் சேரும். அதனால் கொழுக்கட்டையை ஈரச் செம்மண்ணும் மட்கிய சாணியும் பிசறி ஒரு திசையில் தூவினேன். மசாலை மணலோடு கலந்து குறுக்குத் திசையில் தூவினேன். இவற்றோடு சாமையையும் நெருக்கமில்லாமல் மிகக் கொஞ்சமாகத் தூவிவிட்டேன். ஜவ்வாது மலையில் காலங்காலமாக விதைக்கிற சாமைதான். நிலைப்புல் எழுந்து நிற்பதற்கு நாளாகும். அதற்குள் அடிக்கிற மழையில் மண் போகாமல் சாமை வேர் பிடித்து வைக்கும், பிறகு அறுத்து ஆட்டுக்குப் போட்டுவிடலாம். விதைத்த இடத்தை முள்ளுக் கிளையால் லேசாக இழுத்துவிட்டேன். ஒரு செ.மீ. ஆழத்துக்கு மேல் மூடினால் இந்த விதைகள் மேலே வராது. சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு போட்ட பிறகே இதெல்லாம்.

ஆடிக் கடைசியில் விதைத்தேன். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவத்தின் மாலை நேர இடிமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு என்பதால், முதல் மழையில் முளைத்தது இரண்டாவதில் வேர் பிடிக்க நேரம் கிடைக்கிறது. சாமை உடனே எழுந்தது. கொழுக்கட்டை விட்டு விட்டு முளைத்தது. கல் வரப்பின் மேல் பக்கம், மண் தேங்கிய இடத்தில் நல்ல அடர்த்தி. பாறை மேலே தெரிகிற இடத்தில் இன்னும் சொட்டைதான். சாணியும் செம்மண்ணும் பிசறிய விதையை எறும்பு அவ்வளவாகத் தொடவில்லை, வெறுமனே தூவிய மூலையில் சாரை சாரையாக இழுத்துக்கொண்டு போயிற்று. மசால் முதல் வருஷம் பொடியாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துச் சோர்ந்துவிடத் தேவையில்லை. மறு மழைக்கு அது படர்ந்து வந்ததைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

சவுட்டுத் திட்டில் வேலை முறையே வேறு. மண் பரிசோதனைச் சீட்டில் எழுதிக் கொடுத்த அளவு ஜிப்சம் தூவி, கொத்தி, சுற்றிலும் வரப்புக் கட்டி மழைத்தண்ணீரை நிறுத்தி வடித்தேன். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வெளியேறிய சோடியம் தண்ணீரோடு போக வழி இருந்தால்தான் பலன். அங்கே ரோட்ஸ் புல் விதையும், ஓரத்திலிருந்து பிடுங்கிய அருகம்புல் கொடியும் போட்டேன். ஒரு மூலையில் முயல் மசாலும் கைப்பிடியளவு விட்டுப் பார்த்தேன். முளைத்தது, இலை வெளுத்தது, போய்விட்டது. பயறு வகை அங்கே வேண்டுமென்றால் மண் திருந்திய பிறகு வேலி மசால் வைத்துப் பார்க்க வேண்டும். விதையாகப் போட்ட ரோட்ஸ் புல்லைவிடக் கொடியாக நட்ட அருகு முந்திக்கொண்டது. களரில் முளைக்கும் பருவம்தான் கண்டம், ஏடு கட்டிய மண்ணை இளம் முளையால் உடைத்து வர முடியாது. வேரோடு நட்டால் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிடுகிறது.

பள்ளத்துக்கு விதையே வாங்கவில்லை. கொழுக்கட்டைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. நீர்ப்புல் தண்டை வெட்டிச் சேற்றில் ஊன்றினேன், கணுவுக்குக் கணு வேர் விட்டுக் கோரையை ஒதுக்கிக்கொண்டு போகிறது.

ஆட்டை இன்னும் உள்ளே விடவில்லை. சரிவில் கொழுக்கட்டை பூக்கும் நேரத்தில் அறுத்துத்தான் கொண்டுபோய்ப் போடுகிறேன். ஆட்டுக்குக் குருத்துதான் பிடிக்கும், வேர் நிற்காத புல்லைப் பிடுங்கியே எடுத்துவிடும். கல் வரப்பு ஓரத்தில் நல்ல அடர்த்தியாக நிற்கும் பகுதியை மட்டும் அறுக்காமல் விதைக்கு விட்டிருக்கிறேன். கதிர் எல்லாம் ஒன்றாகப் பழுக்காது, பழுத்தது உதிர்ந்துவிடும். அதனால் போகும்போதெல்லாம் கையால் உருவித் துணிப்பையில் சேர்க்கிறேன். மார்கழியில் உருவிய விதை ஆடிக்குள் உறக்கம் தெளிந்துவிடும். பாறை ஓரத்துச் சொட்டைகளுக்கு இந்த முறை அதைத்தான் போடப் போகிறேன்.