பொருக்கு உதிரும் வரை

ஆகஸ்ட் 21

கிழக்குத் தோட்டத்தில் இரண்டு கலப்பின மாடுகளுக்குத் தோல் கழலை நோய், உடம்பெல்லாம் கட்டி. கழுத்திலிருந்து மடி வரை, ஒவ்வொன்றும் மூன்று நான்கு சென்டிமீட்டர். காய்ச்சல் 106. ஒன்று ஏழு மாதச் சினை. பக்கத்துக் கொட்டகையில் காரி என்ற காங்கேயம் மாடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 22

மாலையில் கரன்ட் போனது. இரத்தக் குழாய்கள் வைத்திருக்கும், மைனஸ் 80இல் இருக்க வேண்டிய ஃப்ரீசர் மைனஸ் 68 வரை ஏறிவிட்டது. ஜெனரேட்டர் கேட்டு மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாம் மேடம்."

ஆகஸ்ட் 25

ராத்திரி முழுக்கப் பழைய நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். 2016 கோடையில் இந்த ஊர்களில் எடுத்த இரத்தம். அப்போது இந்த மாடுகளுக்கு 12 இலக்க மஞ்சள் தோடு கிடையாது. அடையாளம் எல்லாம் என் கையெழுத்தில்தான். 'மயிலை, இடது கொம்பு உள்வளைவு.' 'செவலை, நெற்றியில் சுழி.' 'காரி, வால் நுனி வெள்ளை, மூன்று வயது.'

நோய் வந்த ஊருக்கு நாம் போய்ச் சேர்வதற்குள் செத்த மாட்டை ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடியிருப்பார்கள். மிச்சம் நிற்பதிடம்தான் இரத்தம் எடுக்கிறோம். பிழைத்ததை மட்டும் பார்த்துவிட்டு எது பிழைக்க வைத்தது என்று எப்படிச் சொல்வது? இந்த முறை அப்படியில்லை. இனி சாகப்போகும் மாடுகளின் டிஎன்ஏ ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

ஆகஸ்ட் 26

சினை மாடு கன்று வீசிவிட்டது.

ஆகஸ்ட் 28

"நம்ம நாட்டு மாட்டுக்கெல்லாம் இது ஒண்ணும் பண்ணாதுங்க டாக்டரம்மா" என்றார் காரியின் சொந்தக்காரர். எனக்கும் நம்ப ஆசைதான். கலப்பினம் அதிகமாக அடிபடுகிறது என்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 2022இல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் நாட்டு மாடுகளும் கொத்துக் கொத்தாகச் செத்தன. அந்த ஆண்டு நாடு முழுக்கச் செத்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். மேடையில் ஏறி 'நாட்டு இனம் தாங்கும்' என்று பேசுகிறவர்கள் அந்தக் குழிகளைப் பார்த்திருக்க வேண்டும்.

என் கேள்வி இனங்களுக்கு இடையில் இல்லை, ஒரே இனத்துக்குள். ஒரே கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், ஒரே கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, அதே ஈக்கடியும் கொசுக்கடியும் பட்ட இரண்டு காங்கேயம் மாடுகளில் ஒன்றுக்கு நாலு கட்டியோடு போகிறது, இன்னொன்று படுத்துவிடுகிறது. ஏன்? 23ஆம் குரோமோசோமில் டிஆர்பி3 என்ற ஜீன். உலகம் முழுக்க அதற்கு 300க்கும் மேற்பட்ட வடிவங்கள். வைரஸ் புரதத்தின் துண்டுகளை, நோயை எதிர்க்கும் டி செல்களுக்கு எடுத்துக் காட்டுவது இதன் வேலை. எந்தத் துண்டைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பது வடிவத்தைப் பொறுத்தது. இது மட்டுமே காரணம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வைரஸிடம் 150க்கும் மேற்பட்ட ஜீன்கள் இருக்கின்றன, அவற்றில் பல மாட்டின் எதிர்ப்பை ஏமாற்றுவதற்கென்றே. எங்கிருந்தாவது தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 30

காரிக்குக் கட்டி.

செப்டம்பர் 1

முன்னங்கால் வீங்கியிருக்கிறது. மூக்கு காய்ந்து கிடக்கிறது. "ரெண்டு நாளா தீவனம் எடுக்கலீங்க" என்று காரி வீட்டு அம்மா சொல்லிக்கொண்டே வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்த உருண்டையை நாக்கில் தடவினார். கட்டிகள் மேல் வேப்பிலை, குப்பைமேனி, மஞ்சள், பூண்டு போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சியது. ஈ உட்காராமல் இருந்தாலே பாதி புண்ணியம். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுத்தேன். காரி தலையைக்கூட ஆட்டவில்லை. எப்போதும் கொம்பை வீசும் மாடு.

இது செத்தால் என் அட்டவணையில் ஒரு வரி நிரம்பும். அந்த வரி எனக்கு வேண்டாம்.

செப்டம்பர் 2

மார்ச்சோடு என் பொறுப்பு முடிகிறது. அப்புறம் இந்த ஃப்ரீசர் யார் பொறுப்பு?

செப்டம்பர் 4

இந்த நோயை 1929இல் இன்றைய ஜாம்பியாவில் முதலில் பார்த்தபோது விஷம், பூச்சிக்கடி என்றெல்லாம் நினைத்தார்கள். தொற்று என்று தெளிவாகப் பதினைந்து ஆண்டுகள் வரை ஆனது. இந்தியாவில், ஒடிசாவுக்கு வந்தது 2019இல். அதே ஆண்டு ராஞ்சி மாட்டிடமிருந்து எடுத்த வைரஸை வைத்து ஹிசார், இஜத்நகர் ஆராய்ச்சி நிலையங்களில் தடுப்பூசி செய்து, 2022 ஆகஸ்டில் அறிவித்தும் விட்டார்கள். இதை நினைத்தால் மனம் நிறைகிறது. அந்த நாட்களில் களத்தில் கை கொடுத்தது ஆட்டம்மை ஊசி. சரி, ஊசி இருக்கும்போது ஜீன் ஆராய்ச்சி எதற்கு என்று இன்றைக்கும் ஒருவர் கேட்டார். ஊசி போட்ட பிறகும் எல்லா மாட்டின் உடம்பும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லையே.

செப்டம்பர் 6

காரி எழுந்து நின்றது! கழனித்தண்ணீர் ஒரு வாளி. அந்த அம்மா போனில் அழுதார். நானும்தான்.

செப்டம்பர் 9

நோட்டில் இருக்கும் மாடுகளில் மூன்று போய்விட்டன. 'நெற்றியில் சுழி' செவலை அவற்றில் ஒன்று. 2016 குழாயைத் தேடி எடுத்தேன். என் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. காரியின் குழாயோடு சேர்த்து சீக்வென்ஸிங்குக்கு, அதாவது டிஎன்ஏவை வரிசையாகப் படிக்க, அனுப்ப வேண்டும். காரியின் கட்டிகளில் பொருக்கு கட்ட ஆரம்பித்துவிட்டது. உதிர்வதை அப்படியே விடாமல் பொறுக்கி எரிக்கச் சொல்லியிருக்கிறேன். காய்ந்த பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

நாளை பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 4 வரை. பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்தது. உலர்பனிக்கட்டிக்குக் கோவையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு மணிக்குள் வண்டி வந்துவிடும் என்கிறார்கள்.