ஆடு திருடிய பாட்டனைத் தேடி: கார்டிகன்ஷயர் வழக்குக் கட்டுகள்

என் கணவரின் ஊர் மேற்கு வேல்ஸில், அந்தக் காலத்துக் கார்டிகன்ஷயரில் இருக்கிறது. ஆட்டுத் திருட்டில் மாட்டி நாடு கடத்தப்பட்ட பாட்டன் ஒருவர் தங்கள் வம்சத்தில் உண்டு என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். ஊர், பேர், ஏறக்குறைய எந்தக் காலம் என்பது வரை தெரியும். வழக்கைத் தேடிப் பார்த்தவர் மட்டும் யாரும் இல்லை. நான் தேடினேன்.

வேல்ஸுக்கு 1830 வரை கிரேட் செஷன்ஸ் என்று தனி நீதிமன்றம் இருந்தது. மன்மத்ஷயர் நீங்கலாக 12 கவுண்டிகளுக்கும், அதாவது மாவட்டங்களுக்கும், நீதிபதிகள் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து வழக்குக் கேட்பார்கள். கொலை, கொள்ளை, கால்நடைத் திருட்டு எல்லாம் அங்கேதான். அந்தக் கட்டுகள் இப்போது அபரிஸ்ட்வித் நகரில், குன்றின்மேல் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. 1730 முதல் 1830 வரையிலான குற்ற வழக்குகளுக்கு நூலகமே ஒரு இணையத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. பேர், குற்றம், பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் ஊர்ப்பகுதி), ஆண்டு என்று எதைக் கொண்டும் தேடலாம்.

பேரை மட்டும் நம்பித் தேடினால் தலை சுற்றும். டேவிஸும் ஜோன்ஸும் ஈவன்ஸும் வந்து குவிவார்கள். அதோடு, அந்தக் காலத்து வேல்ஸ் கிராமங்களில் தகப்பன் பேரே மகனுக்குப் பின்பேர். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். நம் இனிஷியல் மாதிரிதான். அதனால் பாரிஷையும் குற்றத்தையும் பிடித்துக்கொண்டு, ஆண்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதுதான் எனக்குக் கைகொடுத்தது. 1752க்கு முந்தைய வழக்கென்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அப்போது புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல். பிப்ரவரித் தேதிகள் எல்லாம் முந்தைய ஆண்டின் கணக்கில் நிற்கும்.

தேடலில் கிடைப்பது வழக்கின் சுருக்கம்தான். அதோடு திருப்திப்பட்டு நின்றுவிடாதீர்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு நூலகத்துக்கே போங்கள். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் காட்டினால் வாசகர் சீட்டு தருவார்கள். பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும்தான்.

என் மேசைக்கு வந்தது தோலும் காகிதமும் கலந்த ஒரு கட்டு. குற்றப்பத்திரிகை பதப்படுத்திய தோலில் இருந்தது. விரித்தால் சுருண்டு கொள்ளும். இரண்டு பக்கமும் எடைச்சரம் வைத்துத்தான் படிக்க முடியும். 1733 வரை இவை லத்தீனில் இருக்கும். நான் தேடியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பதால் ஆங்கிலம்தான். ஆனால் குற்றப்பத்திரிகையில் எழுதியிருக்கும் தொழிலையும் ஊரையும் அப்படியே நம்ப வேண்டாம். சட்டம் கேட்கிறது என்பதற்காக யாரைப் பார்த்தாலும் 'கூலியாள்' என்று எழுதிவைப்பதும், குற்றம் நடந்த ஊரையே அவருடைய ஊராகப் போடுவதும் அந்தக் கால வழக்கம். உண்மையான ஊர் பிணைப் பத்திரத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்போது போலீஸ் இல்லை. ஆட்டைப் பறிகொடுத்தவரே வழக்கு நடத்த வேண்டும். அவரும் சாட்சிகளும் தவறாமல் கோர்ட்டுக்கு வருவோம், வராவிட்டால் பணம் கட்டுவோம் என்று எழுதிக்கொடுத்த பத்திரம் அது. எங்கள் பாட்டன் இவர்தான் என்று அதை வைத்துத்தான் உறுதி செய்துகொண்டேன்.

உயிர் இருப்பதெல்லாம் வாக்குமூலத்தில். ஆட்டுக்காரர், தோலில் இருந்த காது வெட்டைப் பார்த்துத் தன் மந்தை ஆடுதான் என்று சொல்கிறார். மலையில் எல்லோர் ஆடும் ஒன்றாக மேயும் ஊரில் காதில் வெட்டும் அடையாளம்தான் சொத்துப் பத்திரம். அடுத்து, பாட்டன் வீட்டு வேலைக்காரப் பெண். விடிவதற்கு முன்னால் அடுப்பில் பானை ஏறியிருந்ததைப் பார்த்தேன், உள்ளே என்ன என்று தெரியாது என்கிறாள். அவள் பேசியது வெல்ஷ் மொழியாகத்தான் இருக்க வேண்டும். கிளார்க் அதை வக்கீல் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். கீழே அவள் போட்ட பெருக்கல் குறி மட்டும் அவள் கையாலேயே வந்தது. ஒரு கோடு மெல்லியது, மற்றது அழுத்தி இழுத்து மை திரண்டு நிற்கிறது. வேறு எந்த ஏட்டிலும் அவள் பேச்சு பதிவாகியிருக்கப் போவதில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1741 சட்டத்தின்படி ஆடு திருடினால் மரண தண்டனை. பலருக்கு அது நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. குற்றப்பத்திரிகையைத் திருப்பினேன். வழக்கு விசாரணைக்குப் போகலாமா என்று முதலில் முடிவு செய்யும் குழுதான் கிராண்ட் ஜூரி. பின்பக்கத்தில் அவர்களுடைய குறிப்பு: விசாரணைக்கு எடுக்கப் போதிய ஆதாரம் இல்லை. அவ்வளவுதான், அந்த வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இந்த வழக்கில் பாட்டன் கப்பலேறவில்லை.

மாமியார் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். ஆனால் அந்த வேலைக்காரப் பெண்ணைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் நின்றபாடில்லை. அவருக்காக வாக்குமூலத்தின் நகலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகல் கேட்கும்போது கோப்பு எண்ணோடு ஆவண எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்; ஒரே கோப்புக்குள் ஏகப்பட்ட தாள்கள் இருக்கின்றன. 1830க்குப் பிந்தைய வழக்குகள் அசைஸ் என்ற, இங்கிலாந்தில் இருந்தது போன்ற சுற்று நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. அந்த ஆவணங்களுக்கு லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தைத்தான் அணுக வேண்டும்.