வரப்பு வளையும் ராகிக் கதிரும்

பாலக்கோடு பக்கம் எங்கள் ராகிக் கொல்லை. காலையில் மாமா வரப்பில் மண்வெட்டியைப் போட்டதும் எலி வளை திறந்துகொண்டது. வாசலைப் புதுமண்ணால் அடைத்து வைத்திருந்தது திருட்டுப்பயல்.

உள்ளே முழங்கை ஆழத்தில் ஓர் அறை. நிறைய ராகிக் கதிர்கள், காம்போடு கடித்துக் கொண்டுவந்து திணித்தவை. ஒரு முறம் தேறும்.

"நம்ம வீட்டுல கூட இவ்ளோ இருப்பு இல்லடா" என்றார் மாமா.

"அமெரிக்கால கிரவுண்ட்ஹாக் இருக்கே, அதுவும் சேர்த்து வைக்குமாப்பா?" என்றாள் மகள்.

வைக்காது. அதுவும் வளை தோண்டும் பிராணிதான், அணில் குடும்பம். ஆனால் கோடை முழுக்கப் புல்லும் இலையும் தின்று, உடம்பிலேயே கொழுப்பாக ஏற்றிக்கொள்ளும். குளிர்காலத்தில் சுருண்டு படுத்தால், நிமிடத்துக்கு 80 தடவை அடிக்கிற இதயம் 5, 10 என்று இறங்கிவிடும்.

பிப்ரவரி 2 அன்று வெளியே வந்து நிழலைப் பார்த்தால் இன்னும் 6 வாரம் குளிராம். பென்சில்வேனியாவில் 1887 முதல் இதற்கு ஒரு விழா! நம் பல்லி சாஸ்திரத்துக்கு அண்ணன்.

சேர்ப்பதில் நான் கிரவுண்ட்ஹாக் கட்சி. வயிறே சாட்சி.

மாமா கதிர்களைத் துண்டில் கட்டினார். ஒரு பிடியை மட்டும் வளைக்குள்ளேயே போட்டார்.

எலி எப்போதோ பின்வாசல் வழியாகப் போயிருந்தது.