ஜிம்ப் எக்ஸ்போர்ட்: வெப்பியில் கரையும் சிவப்புப் புள்ளி

மூன்றாவது சுற்றும் தோல்வி. ஒரு போஸ்டர், பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பின் திரையில் பளிச்சென்று நிற்கிறது. வெப்பி (WebP) படக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்ததும் ‘க்’ தலையில் இருக்கும் புள்ளி பழுப்புக் கறையாகிவிடுகிறது. தரத்தை 90-லிருந்து 100-க்கு ஏற்றியும் பார்த்தாயிற்று. கோப்புதான் பெருத்தது, புள்ளி திருந்தவில்லை.

கோளாறு தர எண்ணில் இல்லை. இழப்புள்ள வெப்பி, அதாவது அளவைக் குறைக்க விவரத்தைக் கொஞ்சம் உதறும் வகை, எப்போதுமே 4:2:0 முறைதான். வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் பதிவாகும். நிறமோ 2×2 கட்டத்துக்கு ஒன்றுதான். இந்தப் போஸ்டரில் எழுத்து 255,0,0, பின்னணி 0,130,0 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்). வெளிச்சக் கணக்கு போட்டால் 255-ஐ 0.299-ஆல் பெருக்க 76, 130-ஐ 0.587-ஆல் பெருக்க அதுவும் 76! கறுப்பு வெள்ளைத் தளத்தில் எழுத்து என்று ஒன்று இல்லவே இல்லை. முழுக்க நிறத்தில்தான் இருக்கிறது. புள்ளியின் அகலம் 3 பிக்சல். ஒரு கட்டம் முழுச் சிவப்பு, அடுத்த கட்டத்தில் பாதி சிவப்பு, பாதி பச்சை. இரண்டையும் சராசரி எடுத்தால் பழுப்பு வராமல் என்ன செய்யும்?

சந்தேகம் இருந்தால் எக்ஸ்போர்ட் செய்த கோப்பை ‘லேயராகத் திற’ கொடுத்து மேலே வைத்து, மோடை டிஃபரன்ஸ் ஆக்கி, 800% பெரிதாக்குங்கள். எழுத்தின் விளிம்பு மட்டும் கோடு கோடாக மின்னும்.

எக்ஸ்போர்ட் பெட்டியில் நிற விளிம்பைக் கூராக்கும் ‘ஷார்ப் யுவி’ டிக் ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் அது 4:2:0-க்குள்ளேயே செய்யும் ஒட்டுவேலைதான். எழுத்தை இரட்டைப்படை பிக்சலில் தொடங்கும்படி நகர்த்துவதும் வீண். திறக்கும் மென்பொருள் நிறத்தை மறுபடி விரிக்கும்போது மெழுகிவிடுகிறது. உருப்படியான வழி இரண்டே. ஒன்று, எழுத்தைச் சுற்றி 2 பிக்சல் வெள்ளைக் கோடு; வெளிச்ச வேறுபாடு வந்துவிட்டால் கண் ஏமாந்துவிடும். இல்லாவிட்டால் லாஸ்லெஸ் (இழப்பில்லாத) டிக். தட்டையான நிறங்கள் கொண்ட போஸ்டருக்கு லாஸ்லெஸ் வெப்பி பெரும்பாலும் பிஎன்ஜியை விடச் சிறிதாகவே வரும், பயப்பட வேண்டாம். (பிஎன்ஜியில் கம்ப்ரஷன் 9 வைத்தால் தரம் குறையும் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. குறையாது; நேரம்தான் கூடும்.)

ஜேபெக்கில் நிறத்தையும் பிக்சலுக்குப் பிக்சல் பதியும் 4:4:4 தேர்ந்தெடுக்கலாம், அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஒரு பொறி மட்டும் உண்டு: படம் முதலில் ஜேபெக்காகத் திறக்கப்பட்டது என்றால் ‘மூலப் படத்தின் தர அமைப்பு’ என்ற டிக்கைக் கவனியுங்கள். அது இருந்தால் மூலக் கோப்பின் 4:2:0 சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும்.

லேயர்களைத் தனித்தனிக் கோப்பாகத் தள்ளும் பிளகின் (கூடுதல் நிரல்) வேறு ஜிம்ப் 3.0-க்கு மாறியதும் மெனுவிலிருந்து காணாமல் போயிருக்கிறது. 2.10-க்கு எழுதிய பைத்தான் பிளகின்கள் எதுவும் அப்படியே ஓடாது. அவை பைத்தான் 2, இங்கே பைத்தான் 3. அவை நம்பியிருந்த ஜிம்ப்ஃபூ மாட்யூலையே எடுத்துவிட்டார்கள். மாற்றி எழுதிய கோப்பையும் பிளகின் ஃபோல்டரில் வெறுமனே போட்டால் ஜிம்ப் கண்டுகொள்ளாது. கோப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் திறந்து அதற்குள் வைக்க வேண்டும், ஓர் எழுத்து பிசகினாலும் போச்சு. லினக்ஸில் எக்ஸிகியூட் பர்மிஷனும் தேவை. அப்படியும் வராவிட்டால் டெர்மினலிலிருந்து ஜிம்ப்பைத் திறங்கள். பிழைச் செய்தி அங்கேதான் கொட்டும். ஃபில்டர் தொகுப்பான ஜிமிக் (G'MIC) பிளகினுக்கும் இதே கதி: 2.10-க்கான கோப்பைக் காப்பி செய்வதில் பயனில்லை, 3.0-க்கானதை எடுத்துப் போடவேண்டும்.

லேயர் பிளகினில் வெப்பி எக்ஸ்போர்ட் அழைப்பு இன்னும் பாக்கி. அதற்குள் கை ஏவிஐஎஃப் (AVIF) என்ற இன்னொரு படக் கோப்பு வகை பக்கம் போய்விட்டது: எக்ஸ்போர்ட் பெட்டியில் பிக்சல் ஃபார்மேட்டை யுவி444 (அதே 4:4:4) ஆக்கி, அதே 76-க்கு 76 போஸ்டர், அதே 3 பிக்சல் புள்ளி.