யார் யாருக்கு எழுதுகிறார்? கெர்ன்சி நாவலைத் தேர்வுக்குப் படித்த விதம்

முடிவுகள் வந்துவிட்டன. போர் இலக்கியத் தாளில் நான் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண். வாய்மொழித் தேர்வும் நல்லபடியாக முடிந்தது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பலரும் பயந்து தள்ளிவைக்கிற ஒரு நாவலைப் பற்றி மட்டும்தான் சொல்லப்போகிறேன்: மேரி ஆன் ஷாஃபரும் ஆனி பாரோஸும் எழுதி 2008-இல் வெளிவந்த ‘தி கெர்ன்சி லிட்டரரி அண்ட் பொட்டேட்டோ பீல் பை சொசைட்டி’. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த, ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சி தீவின் இலக்கியச் சங்கத்தாரும் லண்டன் எழுத்தாளர் ஜூலியட்டும் போருக்குப் பின் எழுதிக்கொள்ளும் கடிதங்களால் ஆன நாவல் இது.

முதலில் ஒரு வேண்டுகோள். கடைகளில் கிடைக்கும் கைடுகளை நம்பி இந்த நாவலைப் படிக்காதீர்கள். அவை கடிதங்களையெல்லாம் உருக்கி, ‘ஜூலியட் என்ற எழுத்தாளர் லண்டனில் வாழ்ந்தார்’ என்று ஒரே கதையாக ஓட்டிவிடுகின்றன. அதைப் படித்தவர்கள் தேர்விலும் கதைச் சுருக்கத்தைத்தான் எழுதிவைக்கிறார்கள். இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கடித வடிவத்தை எடுத்துவிட்டால் இந்த நாவலில் பாதி உயிர் போய்விடும்.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு அட்டவணை. நோட்டில் நான்கு பத்திகள்: எழுதியவர், பெறுபவர், சொல்வது, சொல்லாமல் விடுவது. நான்காவது பத்திதான் மதிப்பெண் தரும் பத்தி. உதாரணத்துக்கு ஓர் இடத்தை மட்டும் விரிவாகக் காட்டுகிறேன்.

ஜூலியட்டை நம்பலாமா என்று தீவின் சங்க உறுப்பினர் அமேலியா மாஜரிக்குத் தயக்கம். தன்னைப் பற்றிச் சாட்சி சொல்ல ஜூலியட் இருவரைக் காட்டுகிறாள். சிறு வயதிலிருந்தே அவளை அறிந்த போதகர் சைமன் சிம்ப்ளெஸ் ஒருவர்; அவளைக் கண்டாலே ஆகாத லேடி பெல்லா டான்டன் இன்னொருவர். இரண்டு கடிதங்களும் அமேலியாவுக்கே போகின்றன. ஒரே பெண்ணைப் பற்றி ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு சித்திரங்கள். எழுதுபவரின் மனச்சாய்வோடுதான் ஒவ்வொரு கடிதத்தையும் எடைபோட வேண்டும் என்பதை நாவல் இங்கேயே நமக்குப் பழக்கிவிடுகிறது. பின்னால் தீவுவாசி அடிலெய்ட் அடிசன், சங்கம் பிறக்கக் காரணமான எலிசபெத்தைத் தூற்றி எழுதும்போது நாம் தயாராக இருக்கிறோம். ‘சாட்சியமும் நம்பகத்தன்மையும்’ என்று எந்த வடிவில் வினா வந்தாலும் இந்த இரண்டு இடங்களும் போதும்.

இனி எலிசபெத். கதையின் மையம் அவள்தான். ஊரடங்கு நேரத்தில் ஜெர்மன் ரோந்துப் படையிடம் சிக்கியபோது, ‘இலக்கியச் சங்கக் கூட்டம் முடிந்து வருகிறோம்’ என்று சமயோசிதமாகச் சொல்லி எல்லோரையும் காப்பாற்றியவள். ஒளித்து வளர்த்த பன்றியை அறுத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற கூட்டம் அது. சங்கம் அப்படித்தான் பிறக்கிறது. ஆனால் கடிதங்கள் எழுதப்படும் 1946-இல் அவள் தீவில் இல்லை. ஜெர்மானியர் தீவுக்குக் கொண்டுவந்த அடிமைத் தொழிலாளி ஒருவனுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காகக் கைதாகி, ஜெர்மனியின் ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமில் கொல்லப்பட்டிருக்கிறாள். அங்கே அவளோடு இருந்த ரெமி எழுதும் கடிதம்தான் அந்த முடிவைத் தீவுக்குக் கொண்டுவருகிறது. அந்தக் கடிதத்தைப் படித்த அன்று என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை. அவளுடைய நண்பர்கள் ஆளுக்கொரு துண்டாக அவளைச் சேர்த்துத் தருகிறார்கள். நட்பைப் பற்றி வினா வந்தால் தயவுசெய்து இங்கிருந்து தொடங்குங்கள். ஜூலியட்டுக்கும் தீவு விவசாயி டாசிக்கும் இடையிலான காதலிலிருந்து தொடங்காதீர்கள்.

வரலாற்றுப் பின்னணிக்கு இவ்வளவு போதும்:

1940 ஜூன் 28: கெர்ன்சியின் செயின்ட் பீட்டர் போர்ட் துறைமுகத்தில் குண்டுவீச்சு. தக்காளி ஏற்றி நின்ற லாரிகள் தாக்கப்பட்டன.
1940 ஜூன் 30: ஜெர்மானியர் வந்திறங்கினர். அதற்குமுன்பே ஆயிரக்கணக்கான குழந்தைகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டிருந்தனர். நாவலில், சங்க உறுப்பினர் எபனின் பேரன் ஈலை அவர்களில் ஒருவன்.
1942 ஜூன்: வானொலிப் பெட்டிகள் பறிமுதல்.
1944 ஜூன்: நார்மண்டித் தரையிறக்கம். பிரான்ஸிலிருந்து வந்த உணவு நின்றது. தீவினரோடு ஜெர்மன் படையினரும் பட்டினி.
1944 டிசம்பர் 27: செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலங்களோடு ‘வேகா’ கப்பல்.
1945 மே 9: விடுதலை.

தேதிகளை ஒப்பித்து எழுதினால் பயனில்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் இங்கிலாந்தோடு வழக்கமான தபால் கிடையாது. செஞ்சிலுவைச் சங்கம் வழியே 25 சொற்களுக்குள் குடும்பச் செய்தி மட்டும் அனுப்பலாம்; பதில் வர மாதக்கணக்கில் ஆகும். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்பதற்கும் அந்த 25 சொற்கள்தான். அப்படி வாய் கட்டப்பட்டிருந்தவர்கள் 1946-இல் முன்பின் அறியாத ஒரு லண்டன் பெண்ணுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உள்ளடக்கத்தையும் வடிவத்தையும் சேர்த்துக் கட்டுகிற முடிச்சு இதுதான். 15 மதிப்பெண் விடையை நான் இதில்தான் தொடங்கினேன்.

இரண்டாம் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ஜூலியட் தீவுக்கே வந்துவிட்ட பிறகு, பக்கத்து வீட்டு டாசிக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவை இல்லை. வடிவம் இங்கே சிக்கலில் மாட்டுகிறது. அதனால் கடிதங்கள் பெரும்பாலும் அவளுடைய பதிப்பாளர் சிட்னிக்கும் தோழி சோஃபிக்கும் திரும்புகின்றன. முடிவுக்கு அருகில், சங்க உறுப்பினர் ஐசோலாவின் துப்பறியும் குறிப்பேடு நுழைகிறது. ‘ஏன் இங்கே மட்டும் கடிதம் இல்லை?’ வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். நான்கு பத்தி அட்டவணை கையில் இருந்ததால் தடுமாறாமல் பதில் சொன்னேன்.

மற்றவை சுருக்கமாக:

நாவலின் பெயரில் வரும் ‘பொட்டேட்டோ பீல் பை’ என்ற உருளைக்கிழங்குத் தோல் பண்டத்தின் சேர்மானம் தெரிந்திருக்கட்டும்: உள்ளே மசித்த கிழங்கு, இனிப்புக்கு பீட்ரூட், மேலே தோல். பஞ்சத்தைப் பற்றிய விடையில் ஒரு வரி போதும்.
கிறிஸ்டியன் ஹெல்மன் பற்றிய டாசியின் கடிதத்தை விடாதீர்கள். எதிரிப் படையிலும் ஒரு நல்ல மருத்துவன் இருக்க முடியும் என்பது அதில்தான் வருகிறது.
ஜூலியட்டை மணக்க விரும்பும் அமெரிக்கப் பதிப்பாளர் மார்க் ரெனால்ட்ஸுக்கு அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.
ரிச்சர்ட்சனின் ‘பமேலா’ 1740 என்பதைக் கடித நாவல் மரபுக்காகக் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

குழுவாகப் படிப்பது இந்த நாவலுக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. தனியாக உட்கார்ந்து, பெறுபவர் நீங்கள்தான் என்று எண்ணி, வாய்விட்டுப் படியுங்கள். டாசி சொற்களை எண்ணிச் செலவிடுவதும் ஐசோலா மூச்சுவிடாமல் பேசுவதும் காதில்தான் பிடிபடும். என் அட்டவணையைக் கேட்டுச் சிலர் தொடர்பு கொண்டார்கள்; நான் கொடுக்கவில்லை. நான்காவது பத்தியை நீங்களே உங்கள் கையால் நிரப்பினால்தான் தேர்வறையில் அது நினைவுக்கு வரும்.