மூடி உள்ள நத்தை

பினாங்குக் கொடிமலை அடிவாரத்தில், காட்டை ஒட்டினாற்போல் ஒரு பங்களாத் தோட்டம். நான்கு வருடமாக அதைப் பராமரிப்பது எங்கள் குழுவின் வேலை. நான் மேற்பார்வை. மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்துவிடும். சிப்புட் பாபி செடியெல்லாம் தின்கிறது, மருந்து போடுங்கள் என்பார்.

சிப்புட் பாபி என்று இங்கே எல்லோரும் சொல்வது ஆப்பிரிக்க ராட்சத நத்தையை. இந்த மண்ணுக்கு அது வந்தேறி. 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுபோய் விட்டார். 1900-இல் இலங்கை, அப்புறம் மலாயா. ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை இடும். பப்பாளிக் கன்று, கீரைப் பாத்தி எதையும் விடாது. அதனால் மருந்து போடுவதில் எனக்கு அன்று எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. நீல நிறக் குருணை அது. தின்ற நத்தை கோழையெல்லாம் கக்கி, வறண்டு, நகர முடியாமல் செத்துப்போகும். அந்த வருடம் மழை அதிகம் என்று வேலியைத் தாண்டி, காட்டுச் சருகு தொடங்கும் இடம்வரை இறைக்கச் சொன்னேன். சொன்னது நான்தான்.

மறுநாள் காலை பொறுக்கப் போனோம். நீளமாய்க் கூம்பிய பழுப்பு ஓடுகள் புல்லெல்லாம் கிடந்தன. வேலிப் பக்கம் இருந்த அண்ணன் என்னைக் கூப்பிட்டார். வயதில் என் அப்பாவுக்குச் சமம். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். ஒரு நத்தையை என் கையுறையில் வைத்து, "இது வேற சாதிம்மா. பாருங்க, கதவு இருக்கு" என்றார்.

உருண்டையான, கனத்த ஓடு. வாய் வட்டம். வெளியே தொங்கிய உடலின் பின்புறம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தட்டு ஒட்டியிருந்தது. காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி பழுப்பு. அதில் ஊசியால் கீறியதுபோல் சுழி சுழியாகக் கோடு. உயிரோடு இருந்தால் உடலை உள்ளே இழுத்து அந்தத் தட்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும். இது மூடாமலேயே செத்திருந்தது. அன்று அதேபோல் பதினேழு பொறுக்கினோம்.

சிப்புட் பாபிக்கு மூடி கிடையாது. வெயில் காலத்தில் வெள்ளையாய் ஒரு சவ்வைக் கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மூடி உள்ளது சைக்ளோஃபோரஸ் என்ற இனம், இந்தக் காட்டின் பூர்வீக நத்தை. இதை எனக்குச் சொன்னது, மண் எடுக்க வந்திருந்த ஒரு பல்கலைக்கழக மாணவி. ஒரு பை சருகு மண்ணை உலர்த்தி, சலித்து, தண்ணீர்ப் பேசினில் கொட்டினாள். மண் அடியில் தங்கியது. காற்று நிரம்பிய வெற்று ஓடுகள் மிதந்து மேலே வந்தன. வெள்ளைத் தாளில் எடுத்து வைத்து லென்ஸைக் கொடுத்தாள். கடுகைவிடச் சிறியவை, ரவை அளவுகூட இருந்தன. ஒவ்வொன்றிலும் சுற்று சுற்றாக முழு வேலைப்பாடு. இத்தனை வருடம் 'குப்பை' என்று நாங்கள் கூட்டி மூட்டை கட்டி லோரியில் ஏற்றியது இவற்றைத்தான்.

பினாங்கு கருங்கல் மலை. ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைப் போல ஓடு கட்டச் சுண்ணாம்பு இங்கே தாராளமாகக் கிடைக்காது. (சுண்ணாம்புக் குன்றுகளிலும் நிம்மதி இல்லை. பகாங் மாநிலத்தில் புக்கிட் பாஞ்சிங் என்ற சுண்ணாம்புக் குன்றைக் கல்லுக்காக உடைத்துத் தரைமட்டமாக்கியதில், அங்கு மட்டுமே இருந்த ஒரு சின்ன நத்தை அடியோடு போய்விட்டது.) இங்கே கிடைப்பது அழுகும் இலையிலிருந்தும் செத்த நத்தையின் ஓட்டைச் சுரண்டித் தின்பதிலிருந்தும்தான். சருகை வாரினால் வீடு, சோறு இரண்டையும் சேர்த்து வாரினோம் என்று அர்த்தம்.

மொரேயா தீவின் கதையையும் அவள்தான் சொன்னாள். பசிபிக்கில் தாஹித்திக்குப் பக்கத்துத் தீவு. அங்கேயும் ஆப்பிரிக்க நத்தைத் தொல்லை. அதை ஒழிக்க 1977-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேட்டை நத்தையை விட்டார்கள். அதற்கு ராட்சதனைவிடப் பார்துலா என்ற சின்ன மர நத்தைகள் சுலபமாகக் கிடைத்தன. 1987-க்குள் அந்தத் தீவின் பார்துலா இனங்கள் காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முன்கூட்டியே பிடித்து மிருகக்காட்சி சாலைகளில் வளர்த்ததால்தான் சில இனங்கள் தப்பின. அவற்றைத் திரும்பத் தீவில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஹவாயில் ஓர் இனத்தின் கடைசி நத்தைக்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2019 ஜனவரி முதல் நாள் அதுவும் இறந்தது. அதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பதினேழு மூடிகள்தான் கண்ணுக்குள் வந்தன. மொரேயாவில் விட்டவர்களும் பயிரைக் காப்பாற்றத்தான் விட்டார்கள். நானும் அப்படித்தான்.

நிறுவனத்தில் பேசிப் பார்த்தேன். மருந்தில் ஒரு மணி நேர வேலை, கையால் பொறுக்கினால் மூன்று இரவு, யார் சம்பளம் கொடுப்பது என்றார்கள். வீட்டுக்காரர்தான் வழி விட்டார். பதினேழு ஓட்டையும் ஒரு டப்பாவில் போட்டு அவர் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி, மருந்து வேண்டாம் என்றார்.

இப்போது மழை விட்ட இரவுகளில் டார்ச்சும் வாளியுமாகப் போகிறோம். கையுறை கட்டாயம், சிப்புட் பாபியிடம் எலியிலிருந்து வரும் ஒரு புழு இருக்கலாம், அது மனித மூளைவரை போகும். பிடித்தவை வாளியிலேயே உப்புக் கரைசலுக்குள் போகும், உப்பு மண்ணில் விழாது. நர்சரியிலிருந்து வரும் தொட்டிகளைக் கவிழ்த்து, வேரோடு முட்டை வருகிறதா என்று பார்த்துத்தான் நடுகிறோம். வேலியோரம் பத்தடிக்குச் சருகைத் தொடுவதில்லை. பாத்திகளில் சிப்புட் பாபி முழுக்கப் போகவில்லை, குறைந்திருக்கிறது. குட்டியாக இருக்கும்போது பச்சையாய் மினுக்கும் ஒரு நத்தை மலேசியத் தோட்டங்களில் உண்டு, குவான்டுலா என்று பெயர். அதற்காக அவ்வப்போது டார்ச்சை அணைத்துவிட்டு நிற்பேன். இன்னும் கண்ணில் படவில்லை.

போன வாரம் அப்படி இருட்டில் நின்றிருந்தபோது வேலியோரத்திலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"அம்மா, இங்க சின்னதா ஒண்ணு. தொட்டதும் மூடிக்கிச்சு."

"சருகு போட்டு விட்டுடுங்கண்ணே" என்றேன்.

"அதெல்லாம் அப்பவே போட்டாச்சு" என்றார்.